ஒரு நர்ஸே சொல்லிட்டாங்களாம்

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஐயம்பேட்டைப் பக்கத்தில் எனக்கு ஒதுக்கிய ஊர்களுக்குப் பதினெட்டு வருஷமாக ஐஸ் பாக்ஸும் நோட்டுமாகப் போய் வருகிறேன். பால்வாடியின் முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்தால் பத்து மணிக்கெல்லாம் அழுகை தொடங்கிவிடும். ஒரு பிள்ளை அழுதால் இன்னும் ஊசியே போட்டுக்கொள்ளாத பிள்ளையும் சேர்ந்து அழும். அந்தச் சத்தத்துக்குப் பழகிப் போனவள் நான்.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை அந்த அறை அமைதியாக இருந்தது. பதினோரு மணி வரைக்கும் மூன்று தாய்மார்கள்தான் வந்தார்கள். மூவரும் வேறு ஊசிக்கு வந்தவர்கள். ஒன்பது மாதம் முடிந்து தட்டம்மை ஊசிக்கு வரவேண்டியவர்கள் என்று நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் ஒருவர்கூட வரவில்லை. பால்வாடி டீச்சரைக் கேட்டேன்.

"ஆடி மாசம் இல்லியா சிஸ்டர், கோயில்ல கூழ் ஊத்தறாங்க. அதான்" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கூழ் ஊற்றுகிற ஊரில் பதினெட்டு ஆடி பார்த்தவள் நான். தூக்குவாளியில் கூழை வாங்கிக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு வந்து நிற்பார்கள். அதனால் பையை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் இறங்கினேன்.

மூன்றாவது வீட்டில் இருக்கிற பெண்ணை அவள் மாசமாக இருந்தபோதிலிருந்து எனக்குத் தெரியும். பி.காம் படித்தவள். கணவன் கம்பெனி வேனில் ஒரகடத்துக்கு வேலைக்குப் போகிறவன். பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் ஏறும்போது என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் கேட்டைத் திறக்கவில்லை. உள்பக்கம் நின்றுகொண்டே பேசினாள்.

"சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. இந்த ஊசி மட்டும் பாப்பாவுக்கு வேணாம்."

"ஏம்மா, ஜுரமா?"

"அதெல்லாம் இல்ல. ஒரு நர்ஸே சொல்லிட்டாங்களாம். நாலு நாளா வாட்ஸ்அப்புல வந்துக்கினு இருக்குது. நீங்க கேக்கலியா?"

கம்பிக்கு இடையில் போனை நீட்டினாள். நானே விரலால் தொட்டு ஓடவிட்டேன்.

"மக்களே உஷார். நம்ம காஞ்சிபுரத்துல கவர்மெண்ட்ல வேல செய்யற ஒரு நர்ஸு, எனக்கு ரொம்ப வேண்டப்பட்டவங்க, அவங்க வாயால சொன்னத என் ரெண்டு காதால கேட்டேன். இப்ப வந்திருக்கிற தட்டம்மை ஊசியில ஒரு பேட்ச் இருக்குது. அத வெளிய தெரியாம ஒதுக்கி வெக்க சொல்லிக்கீறாங்க. ஏன்னு யோசிங்க. போட்டுக்கினா புள்ளைங்களுக்கு பின்னாடி வாரிசே இருக்காதாம்."

என் தம்பியின் குரல். பொய் சொல்லும்போது அவன் குரல் தெளிவாக இருக்கும். மனசார நம்பிப் பேசும்போதுதான் கொஞ்சம் தழுதழுக்கும். "வேண்டப்பட்டவங்க" என்ற இடத்தில் அது தழுதழுத்தது.

"எந்த நர்ஸும்மா அது?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

"அது தெரியல சிஸ்டர். உங்களவிட பெரிய நர்ஸுன்னு சொல்றாங்க."

அந்தத் தெருவிலேயே என்னை விடப் பெரிய நர்ஸாக ஆகிவிட்ட அந்த நர்ஸ் யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். முந்தின ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கூட வேலை செய்கிற நர்ஸ் போன் செய்தாள். சனிக்கிழமை முழுக்கக் கரண்ட் இல்லாமல் ஊசி மருந்து வைக்கிற குளிர்பெட்டி சூடேறிவிட்டது என்றாள். நான் வாயில் சோற்றோடு, "அந்த பேட்ச்ச யாருக்கும் போடாத. தனியா எடுத்து வை. நாளைக்கு நான் வந்து திருப்பி அனுப்பிக்கறேன்" என்றேன். எதிரில் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தவன் கேட்கிறான் என்று நினைக்கவே இல்லை.

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செவிலிமேட்டில் நாங்கள் சேர்ந்து கட்டிய வீட்டில் நான் கீழே, அவன் குடும்பத்தோடு மாடியில். டவுனில் ஒரு கடையில் பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறான். பார்டரில் வரும் அன்னத்தையும் யாளியையும் புள்ளி புள்ளியாகப் பிரித்து, தறியில் மாட்டுகிற அட்டைக்கு அனுப்புவது அவன் வேலை. ஆயிரம் ஓட்டையில் ஒன்று இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான் என்று நெசவாளர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட கண். அந்தக் கண்ணுக்குத்தான் பிளாஸ்டிக் அரிசியும், செல்போன் டவரால் செத்துப்போன காக்காயும், உப்பில் கலந்த கண்ணாடித்தூளும் உண்மையாகத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் போனைத் தூக்கிக் காட்டுவான். நான் சண்டை போடுவேன். "நீ கவர்மெண்ட் ஆளு, அப்படித்தான் பேசுவ" என்பான். என் சம்பளம் வருகிற இடம்தான் என் வாயை அடைக்கிறது என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அவனை வெறும் முட்டாள் என்று ஒதுக்கிவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். முடியவில்லை. அப்பா பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்து எங்கள் இருவரையும் படிக்க வைத்தவர். அவர் சாகும்போது இரண்டு நாள் ஓர் ஆஸ்பத்திரியின் வராந்தாவில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். என்ன வியாதி, என்ன மருந்து ஏறுகிறது, பிழைப்பாரா, யாரும் சொல்லவில்லை. கேட்டால் அடுத்த அறைக்குப் போகச் சொன்னார்கள். நான் வேலை செய்வது இன்ன இடத்தில் என்று சொல்லியும் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவ்வளவுதான். திரும்பி வரும்போது தம்பி, "நீ உள்ள இருக்கிறவ. உனக்கே சொல்லலியே" என்றான். எதையும் அவனுக்குச் சொல்லாத உலகத்தில், காலையில் எழுந்ததும் போன் அவனுக்கு இருபது ரகசியம் சொல்கிறது. அவன் போனைத்தான் நம்புவான்.

இதெல்லாம் ஆற அமர யோசிக்கும்போது தோன்றுவது. அன்று சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவன் அப்போதுதான் கடையிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் வாய் திறப்பதற்குள் அவனே சொன்னான், "அக்கா, ஒண்ணு தெரியுமா? நான் பேசினது பெங்களூர் சித்தப்பா பையன் வரைக்கும் போயி எனக்கே திரும்பி வந்துக்கீது. பல தடவ அனுப்பப்பட்டதுன்னு போட்டு வருது."

"யார்ரா அந்த நர்ஸு?"

"உன் பேர சொல்லலியே. உன்ன காப்பாத்தித்தான் பேசியிருக்கேன். 'வேண்டப்பட்டவங்க'ன்னுதான் சொன்னேன்."

"வாரிசு இருக்காதுன்னு நான் எப்ப சொன்னேன்?"

"நீ சொல்லல. அது வேற குரூப்புல வந்துச்சு. நீ ஒதுக்கி வெக்க சொன்னதும் ரெண்டும் ஒத்துப்போச்சு இல்ல?"

அவன் மனைவி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினேன். மருந்துக் குப்பியின் மேல் ஒரு சின்ன வட்டம் இருக்கும், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்துக்குச் சக்தி போய்விட்டது என்று அர்த்தம். அதைப் பிள்ளைகளுக்குப் போடக்கூடாது, திருப்பி அனுப்ப வேண்டும். அதைத்தான் நான் போனில் சொன்னேன். தப்பு நடக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடே.

கடைசி வரை கேட்டான். டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்போ கெட்டுப்போன மருந்து இருந்துச்சுன்னு நீயே ஒத்துக்கிற."

நான் எழுந்து கீழே வந்துவிட்டேன். அதற்கு மேல் இருந்திருந்தால் அந்த டம்ளரை எடுத்து எறிந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் சுகாதார நிலையத்து டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். என்னை விடப் பத்து வயது சின்னவர். மேசை மேல் போனை வைத்து அதே குரலை ஓடவிட்டார். "பக்கத்து வட்டாரத்திலயும் யாரும் வரல. மேல இருந்து கேக்கறாங்க. யாரு இந்த நர்ஸ்னு கண்டுபிடிக்கணுமாம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "நான்தான் மேடம். பேசறது என் தம்பி" என்றேன்.

சிரிப்பதா, கோபப்படுவதா என்று அவருக்கே தெரியாத மாதிரி இருந்தது. நடந்ததை முழுக்கச் சொன்னேன். மருந்தைத் திருப்பி அனுப்பியதற்கு நோட்டில் பதிவு இருந்தது. அதை எடுத்துக் காட்டினேன்.

"உங்க தம்பின்னு எழுதிக் குடுத்தா போலீஸுக்குப் போகும். எழுதலன்னா எனக்கு மெமோ வரும்" என்றார். "ஒரு வாரம் டைம் தரேன் சிஸ்டர். அவரையே பேச வெச்சு சரி பண்ணுங்க."

போலீஸ் என்ற வார்த்தை நான் சொன்ன வட்டத்தையும் சதுரத்தையும் விட வேகமாக வேலை செய்தது. அன்றே தம்பி உட்கார்ந்து, நான் எழுதிக் கொடுத்ததைத் தன் பாணியில் மாற்றிப் பேசினான். "மக்களே, போன வாரம் ஊசியப் பத்திப் பேசினவன் நான்தான். நான் அரைகுறையா கேட்டுட்டு தப்பா பேசிட்டேன். அந்த நர்ஸு அப்படி சொல்லவே இல்ல. புள்ளைங்களுக்கு தைரியமா ஊசி போடுங்க." எந்தெந்தக் குரூப்பில் முதலில் போட்டானோ அத்தனையிலும் போட்டான். எனக்கு மூச்சு வந்தது.

சனிக்கிழமை காலை அவனே கீழே இறங்கி வந்தான். போனை என் பக்கம் திருப்பினான். அவனுடைய டிசைன்காரர்கள் குரூப்பில் ஒருவர் எழுதியிருந்தார்: "பாவம், மிரட்டிப் பேச வெச்சிட்டாங்க. அப்போ முதல்ல சொன்னது நிஜம்தான்." அதற்குக் கீழே கட்டைவிரல்கள் வரிசையாக இருந்தன. இன்னொரு குரூப்பில், முதல் குரல் அசல் என்றும், இரண்டாவது கம்ப்யூட்டர் செய்த குரல் என்றும், மூச்சு விடுகிற இடங்களைக் கவனித்தால் தெரியும் என்றும் ஒருவர் விளக்கியிருந்தார்.

"நான் அந்த டிசைன்காரருக்கு போன் பண்ணேன்க்கா" என்றான் தம்பி. "அண்ணே, ரெண்டும் நான்தான்னு சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"'பயப்படாத, பக்கத்துல யாராவது நிக்கறாங்களா? ஆமான்னா ஒரு தடவ இருமு'ன்னு சொல்றாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. தன் வாயால் போட்ட முடிச்சைத் தன் வாயாலேயே அவிழ்க்க முடியவில்லை என்பது அன்றுதான் அவனுக்கு உறைத்தது. முதல் குரல் பெங்களூர் வரைக்கும் போனது. இரண்டாவது குரல் எங்கள் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. யாரும் அதை மற்றவர்களுக்கு அனுப்பவில்லை. அதில் என்ன சுவாரஸ்யம் இருக்கிறது அனுப்ப?

செவ்வாய்க்கிழமை அவனை லீவு போட வைத்தேன். என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார வைத்து ஐயம்பேட்டைக்குக் கூட்டிப் போனேன். ஐஸ் பாக்ஸை அவன் மடியில் வைத்தேன். வழியில் இரண்டு தடவை, "எல்லாரும் என்ன அடிப்பாங்களா?" என்று கேட்டான். "அடிக்கட்டும்" என்றேன்.

முதலில் அந்த பி.காம் படித்த பெண்ணின் வீட்டுக்குத்தான் போனோம். இந்தத் தடவையும் கேட் மூடித்தான் இருந்தது. தம்பியைக் காட்டி, "அந்த வாட்ஸ்அப்புல பேசினது இவன்தாம்மா. என் தம்பி. அவன் சொன்ன நர்ஸு நான்தான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? யாரையோ கூட்டி வந்து நிறுத்திவிட்டு இவன்தான் என்றால் ஆயிற்றா? உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தாள்.

"அண்ணா, அதுல பேசின மாதிரி பேசிக் காட்டுங்க."

தம்பி என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நடுத்தெருவில், வெயிலில், ஐஸ் பாக்ஸை அணைத்துக்கொண்டு, "மக்களே உஷார். நம்ம காஞ்சிபுரத்துல கவர்மெண்ட்ல வேல செய்யற ஒரு நர்ஸு" என்று ஆரம்பித்தான். அவள் போனில் ஒரு வரி ஓடவிட்டாள், நிறுத்தினாள், அவனை மறுபடியும் சொல்லச் சொன்னாள். எதிர்வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அவர்களும் கேட்டுவிட்டு, குரல் அதேதான் என்று தலையாட்டினார்கள்.

"சரி, நீங்கதான்" என்றாள் அவள். "அப்போ பொய் சொன்னது அன்னிக்கா, இன்னிக்கா?"

"அன்னிக்கு நான் பொய்னு நினைச்சு சொல்லலம்மா" என்று தம்பி மெதுவாகச் சொன்னான். "நிஜம்னு நம்பித்தான் சொன்னேன்."

"இன்னிக்கும் நம்பித்தான் சொல்றீங்க. நான் எதத்தான் எடுத்துக்கறது?"

அவன் கையிலிருந்த பெட்டியை நான் வாங்கித் திறந்தேன். ஒரு குப்பியை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, கம்பிக்கு இடையில் அவளிடம் காட்டினேன். வட்டத்தைக் காட்டினேன். சதுரம் வெள்ளையாக இருப்பதைக் காட்டினேன். கறுத்துப் போனால் என்ன செய்வோம் என்று சொன்னேன். திருப்பி அனுப்பிய நோட்டுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், அதையும் காட்டினேன். எதிர்வீட்டுப் பெண்களும் தலையை நீட்டிப் பார்த்தார்கள். அவள் குப்பியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்ளோ நாளா இத நீங்க காமிக்கவே இல்லியே சிஸ்டர்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. இருபது பிள்ளைகள் அழுகிற அறையில் ஒவ்வொருவருக்கும் எப்போது காட்டுவது? ஆனால் அவள் சொன்னது உண்மை. பதினெட்டு வருஷத்தில் ஒரு தாய்க்குக்கூட நான் அந்தச் சதுரத்தைக் காட்டியதில்லை. கையை நீட்டு, பிள்ளையைப் பிடி, அடுத்த ஆள் வா. அவ்வளவுதான் நான் பேசியது. அப்பாவின் விஷயத்தில் எங்களை அடுத்த அறைக்கு அனுப்பியவர்களும் இதேபோலத் தங்கள் வேலையைத்தான் செய்துகொண்டிருந்திருப்பார்கள்.

அவள் அப்போதும் சரி என்று சொல்லவில்லை. "அவர் வரட்டும், கேட்டுட்டு சொல்றேன்" என்றாள். மறுநாள் புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பால்வாடிக்கு வந்தாள். ஊசி போடுவதற்கு முன் குப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அன்று ஆறு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் இன்னும் சிலர். முழுப் பட்டியலும் முடிய மூன்று மாதம் ஆனது.

அந்த மூன்று மாதத்துக்குள் பக்கத்து ஊரில் ஒரு வயதுப் பெண் குழந்தைக்குத் தட்டம்மை வந்தது. நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தது. நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். பிழைத்துக்கொண்டது. இப்போது நடக்கிறது. ஏன் ஊசி போடாமல் விட்டார்கள் என்று அதன் தாயைக் கேட்டபோது, அப்போது அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன் என்றாள். அடுத்த தடவை, எல்லோரும் வேண்டாம் என்றார்கள் என்றாள். எது காரணம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

தம்பிக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நடந்து வரும்போது கேட்டான்.

"அக்கா, அது என்னாலயா?"

இல்லை என்ற சொல் வாய் வரை வந்தது. எத்தனையோ தடவை அவனுக்காகச் சின்னப் பொய்கள் சொல்லியிருக்கிறேன். அன்று சொல்லவில்லை.

"தெரியலடா" என்றேன்.

சாயங்காலம் அவன் தனியாகப் போய், பழம் வாங்கிக்கொண்டு அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்ததாக அவன் மனைவி பிறகு சொன்னாள். அந்தத் தாயிடம் தான் யார் என்று சொன்னானா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அவன் திருந்திவிட்டானா என்று டாக்டரம்மா அவ்வப்போது கேட்பார். குரூப்பை விட்டெல்லாம் அவன் வெளியே வரவில்லை. இப்போது எது வந்தாலும் அனுப்புவதற்கு முன் என்னைக் கேட்கிறான். அது பழைய தொல்லையை விடப் பெரிய தொல்லையாக இருக்கிறது. போன புதன்கிழமை ஒரு பிள்ளையைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தேன். அது கால் உதைத்து முள்ளை நிற்க விடவில்லை. பையில் போன் விடாமல் அடித்தது. வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து எடுத்தேன்.

"அக்கா, வேலையா இருக்கியா?"

"சொல்லு, யாருக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்ல. தர்பூசணியில ஊசி போட்டு செவப்பு ஏத்தறாங்களாமே, நெஜமா? கடையில எல்லாரும் கேக்கறாங்க. நான் எங்க அக்காவ கேட்டு சொல்றேன்னு சொல்லிக்கீறேன்."

"எனக்குத் தெரியாதுடா" என்றேன். "நான் பழத்துக்கு ஊசி போடறதில்ல."

"அப்போ தெரியலன்னு சொல்லிடவா?"

"தெரியலன்னே சொல்லு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். பிள்ளை தராசிலேயே ஒன்றுக்குப் போயிருந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் எடை பார்த்தேன்.